மாப்பிள்ளையைப் பார்த்த ஆறு நிமிடம்

முதலில் கால்களைத்தான் எடுத்தேன்.

மூவாரில் ஒரு கோயில் மண்டபம். பக்கத்து அறையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மாப்பிள்ளைத் தோழன் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டான். மேசை விசிறி ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

கேமரா என் தோளில் இருந்தது. என் வாழ்நாளில் அதைத் தூக்கியது அன்றுதான்.

வெறுங்கால்கள். விரல் இடுக்கில் நலங்கு மஞ்சள் இன்னும் போகவில்லை. அங்கிருந்து மெதுவாக மேலே போனேன். பட்டு வேட்டியின் கரை. மடியில் கோத்து வைத்த கைகள். மரச்சாமான் தொழிற்சாலையில் மெருகு போடுகிறவர் என்று சொல்லியிருந்தார்கள். எத்தனை தேய்த்தும் போகாத பழுப்புச் சாயம் நகக்கண்களில் இருந்தது. மணிக்கட்டில் காப்புக் கயிறு. கழுத்தில் வியர்வை. எச்சில் விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியது. கடைசியில் முகம்.

முகம் என் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே பெண் அலங்காரம் நடக்கும் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையும் பயமுமாக ஓர் ஆண் அப்படிப் பார்த்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஆறு நிமிடம் எடுத்தேன். அந்த ஆறு நிமிடம் எங்கள் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

லைட் பிடிக்கிறவள்

சிகாமட்டில் மளிகைக்கடைக்கு மேல்மாடியில் வீடியோ கடை வைத்திருந்தோம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: என் வீட்டுக்காரர் நடேசன் கேமரா பிடிப்பார், நான் லைட் பிடிப்பேன். ரெங்கத்திலிருந்து மூவார் வரை எங்கள் வேன் போகாத கல்யாணம் குறைவு. அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. கடையும் இல்லை.

லைட் பிடிக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் கண் கூசும். அதனால் பதினொரு வருடம் ஆயிரம் பேர் கூடிய மண்டபங்களில் நான் நடுவில் நின்றும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ‘ஏம்மா, கொஞ்சம் தள்ளு’ என்று சொல்வார்கள். அவ்வளவுதான் பேச்சு.

என் வீட்டுக்காரரோ வலது கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு இடது கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மீதி முகத்தையும் கேமரா மறைத்துவிடும். கடைக்கு வந்தால் டேப் ஓட்டும் டெக்கின் முன்னால் குனிந்தபடி இருப்பார். வீட்டில் தூங்குவார். எங்கள் கல்யாணத்திலேயே மணவறையில் உட்கார்ந்துகொண்டு, படம் பிடிக்க வந்தவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று பாடம் நடத்தின மனுஷர் அவர். அந்த ஆல்பமும் ஒரு வருடம் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது போய்விட்டது.

மணப்பெண்களை அவர் எடுக்கும் விதம் ஜில்லா முழுக்கப் பேர் போனது. மருதாணிப் பாதத்தில் ஆரம்பித்து, கொலுசு, கொசுவம், ஒட்டியாணம், கழுத்து என்று நிதானமாக ஏறி, முகத்துக்கு வரும்போது பெண் நிமிர்ந்து பார்ப்பாள். பின்னணியில் ஒரு பாட்டைச் சேர்ப்பார். பெண்ணைப் பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தப்பாக நினைக்காதீர்கள், அவர் யோக்கியர். எல்லாம் தொழிலுக்காகத்தான் பார்த்தார். எனக்கு எரிச்சலே அதுதான். தொழிலுக்காகக்கூட அவர் என்னைப் பார்த்ததில்லை.

அவர் படித்த பள்ளிக்கூடம்

அவருக்குக் கேமரா சொல்லிக்கொடுத்தது சினிமா. ஊர்த் தியேட்டரில் புதுப்படம் வந்தால் குறைந்தது மூன்று தடவை போவோம். பாட்டு வந்ததும் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே எண்ணுவார். காலில் இத்தனை நொடி, இடுப்பில் இத்தனை நொடி, முகத்தில் இத்தனை நொடி. அடுத்த கல்யாணத்தில் அது அப்படியே வரும். அந்தத் தியேட்டரில் இப்போது சூப்புக்கு விற்கிற பறவைக்கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார்கள்.

அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கேமராவுக்குப் பெண்ணைக் கண்டால் மட்டும் ஏன் இப்படிக் கால் தளர்ந்து போகிறது? கதாநாயகனுக்கும் காலில்தான் ஆரம்பிப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது பூட்ஸ் போட்ட கால். நாலு பேரை உதைக்கப் போகிற கால். பார்த்துப் பயப்படலாம், விசிலடிக்கலாம். ஏங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆண்கள் ஏங்குவதற்கு எல்லாம் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அழுவதற்கு மட்டும் வைத்திருந்தார்கள். பெண்கள் பார்க்க வேண்டிய படம் என்றால் கைக்குட்டை எடுத்து வா என்று அர்த்தம். லேடீஸ் வரிசையில் உட்கார்ந்து நாங்களும் கதாநாயகியின் இடுப்பைத்தான் பார்த்தோம். வேறு எதைக் காட்டினார்கள்?

ஒரே ஒரு படத்தில், கதாநாயகன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டபடி மாடிப்படி ஏறுவார். மூன்று நொடி இருக்கும். அதற்குள் கேமராவுக்குப் பொறுக்காது. மேலே நிற்கிற கதாநாயகியிடம் ஓடிவிடும். ஐயோ, இன்னும் கொஞ்சம் நில்லேன் என்று மனசுக்குள் கெஞ்சியிருக்கிறேன். அந்த மூன்று நொடிக்காக நாலு தடவை போனேன். மனைவிக்குத் தொழிலில் என்ன அக்கறை என்று என் வீட்டுக்காரர் பெருமைப்பட்டார்.

எனக்கு இந்தப் புத்தி சின்ன வயதிலேயே உண்டு. ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். மாதம் ஒரு தடவை திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு முன்னால் பாய் போட்டிருப்பார்கள். நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்காருவேன். பின்னால் நின்ற ஆண்கள் முகத்திலெல்லாம் திரையின் வெளிச்சம் ஆடும். பகலெல்லாம் கத்துகிற கங்காணியார் வாயைப் பிளந்துகொண்டு, குழந்தை மாதிரி நிற்பார். அம்மா தொடையில் கிள்ளுவார். ‘ஆம்பளைங்க மூஞ்சில என்னாடி பார்வை’ என்பார்.

என் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் இதையெல்லாம் போனில் சொன்னபோது, ‘அம்மா, அதுக்குப் பேரே இருக்கு, ஆண் பார்வைன்னு சொல்வாங்க, பெரிய பெரிய புத்தகமெல்லாம் இருக்கு’ என்றாள். இருக்கட்டும், சந்தோஷம். எனக்கு அப்போது பேர் தெரியாது. வயிற்றெரிச்சல் மட்டும் தெரியும்.

வேனில் படுத்துக்கொண்டு பாடம்

மூவார் கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் சிகாமட், பேர் கலைவாணி. மாப்பிள்ளை மூவார், பேர் சிவா. காலையில் வழியில் ஒரு கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு மண்டபத்து வாசலில் வேனை நிறுத்தும்போதே வயிறு கலங்கிவிட்டது. இரண்டு தடவை ஓடினார். மூன்றாம் தடவை எழுந்திருக்க முடியவில்லை.

வேனின் பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டு கேமராவை என்னிடம் கொடுத்தார். பதினொரு வருடம் பக்கத்தில் நின்றவளுக்கு எந்தப் பொத்தானும் புதிதில்லை. ஆனாலும் பாடம் நடத்தாமல் அவரால் முடியுமா? ‘வழக்கம்போல எடு. கால்ல ஆரம்பி. மெதுவா மேல போ. மொகத்துல நில்லு. அவசரப்படாத’ என்றார். லைட்டுக்கு யாரோ ஒரு சொந்தக்காரத் தம்பியைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

பெண்ணை அவர் சொன்ன மாதிரி எடுக்கத்தான் முதலில் போனேன். அலங்காரம் முடியவில்லை, அரை மணி நேரம் கழித்து வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். திரும்பினால் எதிர் அறையில் மாப்பிள்ளை.

என் வீட்டுக்காரர் யாருக்கென்று சொல்லவில்லை, அதனால் மாப்பிள்ளையையும் அப்படியே எடுத்துவிட்டேன், தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன். இத்தனை வருடம் கழித்துப் பொய் சொல்வானேன்? தெரிந்துதான் செய்தேன். யாரும் என்னை அதட்டாமல், கிள்ளாமல், ஓர் ஆணை நின்று நிதானமாகப் பார்க்க முதல் தடவையாக ஒரு சாக்கு கிடைத்தது. தோளில் கேமரா இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகை அவருக்குப் பதினொரு வருடமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தார். டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்ததும் நான்தான். பெண்ணுக்கு அவர் வழக்கமாகப் போடும் பாட்டை எடுத்து மாப்பிள்ளைக்கும் போட்டேன். எல்லாம் சரியா இருக்கா என்று படுக்கையிலிருந்து கேட்டார். சரியா இருக்கு என்றேன்.

முதல் காட்சி

அப்போதெல்லாம் கல்யாண வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. மறுவீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரும் நாளில், சொந்தமெல்லாம் கூடி முதல் காட்சி பார்ப்பார்கள். எடுத்தவரும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாராட்டோ திட்டோ அங்கேயே கிடைத்துவிடும்.

கலைவாணி வீட்டு ஹாலில் ஆண்கள் சோபாவில் இருந்தார்கள். நடுவில் பெண்ணின் தாய்மாமன் ராஜு, பக்கத்தில் மாப்பிள்ளை, அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பெண்கள் கீழே பாயிலும் சமையலறை வாசலிலும் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

பெண் அலங்காரம் வந்தது. பாதத்திலிருந்து முகம்வரை ஏறியது. எல்லாரும் ஆஹா என்றார்கள். ராஜு என் வீட்டுக்காரர் முதுகில் தட்டிக்கொடுத்தார். படுத்துக்கிடந்தது தெரியாமல், கைராசிக்காரர் என்று வேறு சொன்னார்.

பிறகு அதே பாட்டு மறுபடி ஆரம்பித்தது. வெறுங்கால்கள் வந்தன. முதலில் யாருக்கும் புரியவில்லை. வேட்டிக் கரை வந்ததும் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். சோபா முழுக்கச் சிரித்தது. கைகள் வந்தன, கழுத்து வந்தது. கேமரா அவசரப்படவே இல்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்து போயின. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

‘அலமாக், என்னாங்க நடேசன் இது’ என்றார் ராஜு. ‘ஒரு ஆம்பளைய இப்படியா காட்டுவாங்க? மூவார்ல அவங்க ஆளுங்க பாத்தா என்னா நெனப்பாங்க? வெட்டித் தூக்குங்க மொதல்ல.’

அஞ்சு நிமிடம் முன்னால் தங்கச்சி மகளை அதே மாதிரி காட்டியபோது தட்டிக்கொடுத்த கை அது. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். இந்தக் குடும்பம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அடுத்த தை மாதம் சிகாமட்டில் எங்களை ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சமையலறை வாசலில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு அக்கா கையில் கரண்டியோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டித் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

வேனில் ஏறும்போது கலைவாணி பின்னாலேயே வந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. என் வீட்டுக்காரரிடம்தான் பேசினாள்.

‘அண்ணே, வெட்டுங்க. வெட்டுனத மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க. எனக்குத் தனியா குடுங்க.’

எதற்கும்மா என்று கேட்டார் அவர்.

‘அவரு என்னைய அப்படிப் பாத்தாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. நான் உள்ள இருந்தேன்ல.’

மத்தியானம்

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம் என்று அவர் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அந்த டேப்பைப் போட்டார். ஆறு நிமிடத்தையும் முழுசாகப் பார்த்தார். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். நான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தொழில் போனது ஒரு பக்கம், இந்த மனுஷருக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம்.

‘நெஜமா சொல்லு பவானி. எதுக்கு இப்படி எடுத்த?’

என்ன தைரியமோ, அன்று எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

‘உங்கள இப்படிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு’ என்றேன். ‘நீங்க எங்க நின்னு குடுத்தீங்க? எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே இருந்தீங்க. அந்தப் பிள்ள ஒரு எடத்துல சும்மா உக்காந்திருந்துச்சு. பாத்துட்டேன்.’

அவர் டெக்கை நிறுத்தினார். பிறகு கேமராவை எடுத்து என் மடியில் வைத்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க நீலத் துணி கட்டிய சுவர் ஒன்று இருந்தது. அதன் முன்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். எடு என்றார்.

கேமராவைத் தூக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் மனுஷர் மரக்கட்டையாகிவிட்டார். தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, ஐசி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர் மாதிரி. படம் பிடிக்கிறவர்களுக்கு இது ஒரு சாபம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவை நிறுத்திக் கீழே வைத்தேன். இது வேண்டாம், சும்மா உட்காருங்கள் என்றேன்.

பார்த்தேன்.

ஜப்பான் சிலிப்பர். ஸ்டாண்டு விழுந்து கறுத்துப்போன கட்டைவிரல் நகம். கஞ்சி குடித்து இளைத்ததில் தொளதொளத்த கால்சட்டை. டேப் தேய்த்துத் தேய்த்து வழவழத்துப்போன விரல்கள். கேமரா சுமந்து இறங்கிப்போன ஒரு தோள். மெதுவாகத்தான் போனேன். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி அவசரப்படவில்லை. தாடைக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. பதினொரு வருடம் கூட வாழ்ந்து அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். அப்புறம் முகம். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இரண்டும் என்னைப் பார்த்தன.

முதலில் பார்வையை விலக்கினார். திரும்பவும் என்னைப் பார்த்தார். முடிஞ்சுதா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே மளிகைக்கடையில் யாரோ அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு சாப்பாடு ஆறிப்போனது ஞாபகம் வந்து சாப்பிட்டோம்.

கலைவாணிக்கு அந்த ஆறு நிமிடத்தைத் தனி கேசட்டில் போட்டுக் கொடுத்தோம். ராஜுவுக்கு வெட்டிய படம் போனது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, லைட்டை அவர் வாங்கிக்கொள்வார்.

எந்தப் பக்கம்

அதன்பிறகு நாலு வருடம்தான் இருந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த மத்தியானம் நெஞ்சில் அப்படியே பதிந்து கிடக்கிறது என்று எழுத ஆசைதான். எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வருகிறது. ஐசி படமும், மகளின் பாலர் பள்ளிப் பட்டமளிப்பில் எடுத்த ஒரு படமும் இருக்கின்றன. இரண்டிலும் தாடையை இறுக்கிக்கொண்டு முறைக்கிறார். நான் பார்த்த மனுஷர் அதில் இல்லை.

கேமரா வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க அன்று எனக்கு மனசு வரவில்லை. அது தப்பா சரியா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. சில நாள் சரி என்று தோன்றும். சில நாள் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

கொஞ்ச நாளாக அந்தத் தழும்பு எந்தப் பக்கம் இருந்தது என்று ஞாபகம் வரவில்லை. வலதா, இடதா? எப்படி வந்தது என்று அன்றே கேட்டிருக்கலாம். அப்புறம் கேட்கலாம் என்று சோற்றைப் போட்டேன். நாலு வருடம் தினமும் என் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் உற்றுப் பார்க்கவில்லை. மகளிடம் கேட்டேன். அப்படி ஒண்ணு இருந்துச்சாம்மா என்கிறாள்.

அவரை ஹாலில் கிடத்தியிருந்தபோது பார்த்திருக்கலாம். தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஊர் முழுக்க வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனது. கொஞ்சம் அவிழ்த்து விடுங்கள், நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.